பதிவு செய்து பல வருடம் கிடப்பில் கிடந்து, பிறகு வெளிவந்த இசைத்தொகுப்புகளில் உங்களால் மறக்க முடியாதது எது?

யோசிக்கவே தேவையில்லை. அமெரிக்கப் பாடகி பெட்டி டேவிஸும் அவருடைய ஃபங்க் ஹவுஸ் குழுவும் 1976-இல் பதிவு செய்த 'இஸ் இட் லவ் ஆர் டிசையர்'. கடைக்கு வந்தது 2009-இல். நடுவில் 33 வருடம்.

நான் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தவன். எந்தப் பாட்டு ஓடினாலும் என் காது முதலில் பேஸைத்தான் தேடும். அமெரிக்கக் கருப்பினத்தவரின் ஆட்ட இசையான ஃபங்க் பிடித்துப்போனதும் அதனால்தான். ஃபங்கில் பேஸ் ஓரமாக நிற்காது. தாளத்தின் ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து அழுத்தமாக விழும், நம் ஆட்கள் சமத்தில் வந்து சேர்கிற மாதிரி. கிட்டாரும் கீபோர்டும் அந்த அடிகளுக்கு இடையில் கிடைக்கிற சந்தில் புகுந்து புகுந்து வரும். மெட்டைவிட அந்தப் பின்னல்தான் முக்கியம்.

பெட்டி டேவிஸ் என்றதும் எல்லோரும் சொல்வது, ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் மனைவியாக இருந்தவர் என்பதைத்தான். 1968-இல் கல்யாணம், ஒரு வருடத்தில் பிரிவு. ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஃபங்க் பாடகர் ஸ்லை ஸ்டோன் இவர்களின் இசைப் பக்கம் மைல்ஸைத் திருப்பியவர் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திவிடுவார்களே, அங்கேதான் எனக்கு ஆற்றாமை. கல்யாணத்துக்கு முன்பே சேம்பர்ஸ் பிரதர்ஸ் குழுவுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் அவர். 1973, 1974, 1975 என்று வருடத்துக்கு ஒன்றாக மூன்று தொகுப்புகள் போட்டார். இரண்டாவதிலிருந்து தயாரிப்பும் அவர் கையில். ஒரு கருப்பினப் பெண் தன் ஆசையைப் பற்றி இப்படி உறுமி, கிறீச்சிட்டுப் பாடுவதை அன்றைய வானொலி நிலையங்கள் பல ஏற்கவில்லை. ஒலிபரப்பு இல்லை, அதனால் விற்பனையும் இல்லை.

மூன்றாவதோடு அவர் கதை முடிந்தது என்றுதான் நானும் வெகுநாள் நம்பினேன். விற்கவில்லை, சரக்கும் தீர்ந்தது, ஒதுங்கிவிட்டார் என்று ஒரு கணக்கு. நாலாவதாக ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபோதுகூட, விட்டுப்போன துண்டு துக்கடாக்களைப் பொறுக்கிச் சேர்த்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் போட்டுக் கேட்டேன். முதல் பாட்டு பாதி போவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் அந்தக் குழு. 1973 தொகுப்பில் வாசித்தவர்கள் பெரிய கைகள். ஸ்லை ஸ்டோனின் குழுவில் டிரம்ஸ் வாசித்த கிரெக் எரிக்கோதான் தயாரிப்பாளர். பேஸ் வாசித்தவர் லாரி கிரகாம், கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிக்கும் முறையைப் பரப்பியவர். ஸ்டுடியோவுக்கு வந்து பிரமாதமாக வாசித்துவிட்டுப் போன விருந்தாளிகள் அவர்கள். ஃபங்க் ஹவுஸ் வேறு ரகம். பேஸில் லாரி ஜான்சன், டிரம்ஸில் நிக்கி நீல், கீபோர்டில் ஃப்ரெட் மில்ஸ், கிட்டாரில் கார்லோஸ் மொராலஸ். பெட்டியோடு ஊர் ஊராகப் போய் மேடையில் வியர்த்த பையன்கள். மூன்றாவது தொகுப்பில் வாசித்ததும் இவர்கள்தான். லூசியானாவில் போகலூசா என்ற சின்ன ஊரில் இருக்கும் 'ஸ்டுடியோ இன் தி கன்ட்ரி'க்கு இவர்கள் 1976-இல் பதிவுக்குப் போனபோது, பெட்டி மூச்சு இழுப்பதை வைத்தே அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்கள். இது என் ஊகம் அல்ல, கேட்டாலே தெரியும். அவர் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தினால் நால்வரும் அதே இடத்தில் நிற்கிறார்கள். பழகாத கைகளுக்கு அது வராது.

பெட்டியின் குரலும் அதற்குள் மாறியிருந்தது. 'வென் ரொமான்ஸ் சேஸ் குட்பை' என்ற பாட்டில் உறுமல் எதுவும் கிடையாது. தாழ்ந்த குரலில், தனக்குத்தானே பேசிக்கொள்வது மாதிரி பாடுகிறார். பாடத் தெரியாமல் கத்துகிறார் என்று சொன்னவர்களுக்கு இந்த ஒரு பாட்டு போதும். அவர்கள் காதுக்குப் போய்ச் சேராத பாட்டு அது! இன்னொன்று இசைத்தொழிலைப் பற்றியது, 'ஸ்டார்ஸ் ஸ்டார்வ், யூ நோ' என்று பெயர். நட்சத்திரங்கள் பட்டினி கிடக்கும் கதை. அதைப் பாடிய தொகுப்பே வெளிவராமல் போனது.

அந்த ஆல்பத்தை அவருடைய இசை நிறுவனமான ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் வெளியிடவில்லை. ஒப்பந்தமும் முடிந்தது. 1979-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெட்டி இன்னொரு முறை பதிவு செய்தார், அதுவும் முறையாக வெளிவரவில்லை. பிறகு பென்சில்வேனியாவில் தான் வளர்ந்த ஹோம்ஸ்டெட்டுக்கே திரும்பிப் போய் அமைதியாக வாழ்ந்தார். சியாட்டிலைச் சேர்ந்த லைட் இன் தி அட்டிக் என்ற சின்ன நிறுவனம் 2007-இல் முதல் இரண்டு தொகுப்புகளை மறுவெளியீடு செய்தது. 2009-இல் மூன்றாவதோடு சேர்த்து இதையும் கொண்டுவந்தது.

இந்தத் தொகுப்பு என்னை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டது என்றும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் குழு எட்டு பக்திப் பாடல்களைப் பதிவு செய்தது. மூன்று ராத்திரி தூங்காமல் வாசித்தோம். இப்போது சந்தை சரியில்லை, பொங்கலுக்குப் பார்க்கலாம் என்றார் கேசட் கம்பெனிக்காரர். பொங்கல் வந்தது, போனது. நாடாவே இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கீபோர்ட் அண்ணன் அதற்கப்புறம் வாசிப்பதையே விட்டுவிட்டு, மாமனாரின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்துவிட்டார். "ஒழுங்கா வாசிக்கலையோ என்னவோடா" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒழுங்காகத்தான் வாசித்தார். அதைக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை.

ஃபங்க் ஹவுஸுக்கு நாடா பிழைத்தது. மூன்றாவதோடு சரக்கு தீர்ந்துவிட்டது என்ற பேச்சு எவ்வளவு தப்பு என்பதற்கு 2009-இல் சாட்சி கிடைத்தது. பெட்டி அதைத் தன் கண்ணால் பார்த்தார். அவர் இறந்தது 2022 பிப்ரவரியில், 77 வயதில். 1979-இல் பதிவானது 2023-இல்தான் முறையாக வந்தது, அதற்கு அவர் இல்லை.

கேட்கப்போகிறீர்கள் என்றால் 1975-இல் வந்த 'நேஸ்டி கேல்' தொகுப்பை முதலில் கேளுங்கள். முடிந்ததும் இடைவெளி விடாமல் இதைப் போடுங்கள். ஹெட்போனில் கேட்டால் நல்லது, லாரி ஜான்சனின் பேஸ் போன் ஸ்பீக்கரில் விழாது.