புழு டப்பாவும் வஞ்சிரம் துண்டும்

கேள்வி: எனக்கு இரண்டு பெண்கள், 11 வயது, 8 வயது. ஞாயிறு விடிந்தால் என் மாமனாரோடு திருவொற்றியூரில் கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவுக்கோ எண்ணூருக்கோ மீன் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். துள்ளுகிற மீனைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். போன வாரம் ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் மண்புழு டப்பா! எப்படி நிறுத்துவது? (மீன் சாப்பிடுவேன், வெட்டி வாங்கி வந்தால்.)
— ஓர் அப்பா, தண்டையார்பேட்டை

பதில்: அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தீர்களே, அங்கிருந்தே ஆரம்பிப்போம். காசிமேட்டில் ஓர் அம்மா அருவாமனைக்கு முன்னால் உட்கார்ந்து செவுளைப் பிடுங்கி, குடலை வழித்துப் போட்டு, ரத்தம் போகக் கழுவி வஞ்சிரத்தைத் துண்டு போட்டுத் தருகிறார், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி ஜிபே பண்ணிக்கொண்டு நிற்கிறீர்கள். உங்கள் பெண்கள் திரும்பிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

குமட்டுவது தப்பில்லை. கோழிக்கடை வாசலில் என்னாலும் நிற்க முடியாது. "அப்பாவுக்கு இது ஒத்துக்காதுடி" என்று சொல்லிவிடுங்கள், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். புழு டப்பாவை ஈரமண்ணோடு மாடிப்படிக்கு அடியில் நிழலில் வைக்கச் சொல்லுங்கள், அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்திலாவது ஓய்வு கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். அது விசைப்படகுக்கு, மாமனாரின் தூண்டிலுக்கு இல்லை.

ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது வேறு, கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! தூண்டில் வளைவின் கல்லில் பாசி படிந்திருக்கும், ஈரக் கல்லில் கால் வைத்தால் நேரே இடுக்குக்குள்தான். அலை ஏறியடிக்கிற நாளில் மாமனாரே கூப்பிட்டாலும் அனுப்பாதீர்கள். அப்புறம் கெளுத்தி. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள், மூன்றிலும் விஷம். சின்ன வயதில் எர்ணாவூர் பக்கம் அதனிடம் குத்து வாங்கியிருக்கிறேன், தோள் வரைக்கும் கடுத்தது. குத்தினால் பொறுக்கிற சூட்டு வெந்நீரில் கையை முக்கி வைக்க வேண்டும், அந்த விஷம் சூட்டில் வீரியம் இழந்துவிடும். சூட்டைப் பெரியவர் கை விட்டுப் பார்க்கட்டும், பிறகு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். முள் ஒடிந்து உள்ளேயே தங்கியிருக்கலாம்.

எண்ணூர் முகத்துவாரத்தில் பிடித்ததைக் குழம்பு வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றில் படர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள், அனல்மின் நிலையச் சாம்பல் அதற்கு முன்பிருந்தே அங்கே கிடக்கிறது. குமட்ட வேண்டிய விஷயம் அது.

பெண்களிடம் கறாராக இருக்க ஒரு இடம் உண்டு. பிடித்த மீனை பிளாஸ்டிக் கவரில் போட்டுத் துடிதுடிக்க விடக் கூடாது. வேண்டுமென்றால் மண்டையில் ஓங்கி ஒரே போடு, வேண்டாமென்றால் தூண்டில் முள்ளைக் கழற்றி உடனே தண்ணீருக்கு. அறுந்த தங்கூஸ் நரம்பை, அதாவது நைலான் தூண்டில் நூலை, கல்லிலேயே விட்டுவிட்டு வரவும் கூடாது, கொக்குக் காலில் சுற்றிக்கொள்ளும்.

வருகிற ஞாயிறு நீங்களும் போங்களேன். மீனைத் தொட வேண்டாம், சின்னவள் கல் தாண்டும்போது கையைப் பிடித்துக்கொண்டால் போதும். மூக்கில் கொஞ்சம் தைலம் தடவிக்கொள்ளுங்கள், மாமனார் கேட்டால் ஜலதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம்.