பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனா குழந்தைங்க பொறுக்கிட்டு வர்ற கல், இலை, விதை எல்லாத்தையும் வீட்ல வைக்கலாமா?

வைக்கலாம், தாராளமா வைங்க. ஆனா "விதை"ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க பாருங்க, அதுக்காகத்தான் ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து டைப் பண்றேன். உங்க வீட்லயும் அஞ்சாறு வயசுல ஒண்ணு இருக்கும்னு நினைக்கிறேன், இல்லன்னா இப்படி ஒரு கேள்வியே வராது.

எங்க வீட்டுக்காரருக்கு செஞ்சி பக்கம் ஊர். காணும் பொங்கலன்னிக்கு கோட்டைப் பக்கம் போனா கால் வைக்க இடம் இருக்காதுன்னு, மாமியார் கட்டிக் குடுத்த புளிசாதத்தைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் ஏரிக்கரைக்குப் போயிட்டோம். நாத்தனார் பசங்க பனங்கொட்டையை உதைச்சு ஃபுட்பால் ஆடுறாங்க, என் பொண்ணு மட்டும் வேலி ஓரமா குனிஞ்சு எதையோ பொறுக்கிக்கிட்டே இருக்கா. கிட்ட போய்ப் பார்த்தா குண்டுமணிக் கொடி. காய் காஞ்சு வெடிச்சு, முறுக்கிக்கிட்ட தோல்ல நாலஞ்சு விதை வரிசையா ஒட்டிக்கிட்டிருக்கு, ரத்தச் செவப்பு, ஒரு ஓரத்துல மட்டும் மை வச்ச மாதிரி கருப்பு. எனக்கே ஆசை வந்துடுச்சு, நானும் சேர்ந்துதான் பொறுக்கினேன். கூடவே ஒரு கேரி பேக்ல ஏரிக் களிமண், ஆவாரம்பூ, சரக்கொன்றைக் காய் ரெண்டு.



சென்னைக்கு வந்ததும் எல்லாத்தையும் ஒரு கண்ணாடி பவுல்ல போட்டு ஹால்ல வச்சேன். ஸ்டேட்டஸும் போட்டேன், மறைக்கல. அதோட விட்டிருக்கலாம். பொண்ணு பிரேஸ்லெட் வேணும்னு கேட்டா. குண்டுமணி கல்லு மாதிரி இருக்கும், ஊசி இறங்காது, அதனால நான் ரொம்ப புத்திசாலித்தனமா ராத்திரி பூரா தண்ணில ஊறவச்சு, காலைல சூடு பண்ண ஊசியால ஒவ்வொண்ணா குத்தி 21 விதை கோர்த்து அவ கையில கட்டிவிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு வீடியோ கால்ல மாமியார் பார்த்துட்டாங்க. "அடியேய், ஓட்டை போட்ட குண்டுமணியை யாராவது புள்ள கையில கட்டுவாங்களா, கழட்டு மொதல்ல!" கழட்டப் போனா முடிச்சு தளர்ந்து கிடக்கு. எண்ணிப் பார்த்தா 19.

"எங்கடி மீதி ரெண்டு?"ன்னு நான் கத்தின கத்துல அவ அழ ஆரம்பிச்சுட்டா, அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. தூக்கிக்கிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம், ஆனா டூட்டி டாக்டர் "குண்டுமணின்னா நகையா மேடம்?"னு கேட்டாரு. மிச்ச விதையைக் காட்டினேன், போன்ல ஏதோ தேடிப் படிச்சாரு, முகம் மாறிடுச்சு. உடனே அட்மிஷன்.

அன்னிக்கு நான் தெரிஞ்சுக்கிட்டது இதுதான். குண்டுமணியை முழுசா முழுங்கினா அனேகமா அப்படியே வெளிய வந்துடும், தோல் அவ்வளவு கெட்டி. கடிச்சாலோ ஓட்டை போட்டிருந்தாலோதான் வினை, உள்ள இருக்கற ஏப்ரின்ங்கற விஷம் இறங்கும். அதுக்குன்னு தனியா முறிவு மருந்து கிடையாது. வாந்தி பேதி உடனே வராம அடுத்த நாள்கூட வரலாம், அதனால புள்ள நல்லாதானே விளையாடுதுன்னு வீட்லயே உக்காந்திருக்கக் கூடாது. முழுசா முழுங்கியிருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்காரர் போன் பண்ணாரு. சோபாவுக்கு அடியில எல்லாம் டார்ச் அடிச்சுத் தேடியிருக்காரு, ஷூ ராக் மேல இருந்திருக்கு. அந்த ஏரிக் களிமண்ணுல பொண்ணு ஒரு பிள்ளையார் பிடிச்சுக் காய வச்சிருக்கா, தும்பிக்கை ஒரு பக்கம் சரிஞ்சு போய், ரெண்டு கண்ணும் குண்டுமணி. சதுர்த்திக்கு வாங்கற பிள்ளையாருக்கு அப்படித்தானே கண்ணு வைப்பாங்க, அதைப் பார்த்து வச்சிருக்கா. காலைல கேட்டா, "சாமிக்குக் குடுத்துட்டேன்னு சொல்ல வந்தேன், நீதான் கத்துன".

"நாங்கல்லாம் குண்டுமணி வச்சு பல்லாங்குழி ஆடி வளர்ந்தவங்க"ன்னு கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு: நானும்தான் ஆடினேன். பத்தர் தராசுல எடைக்கு வச்சதும் இதேதான், தெரியும். ஆனா எங்க பாட்டி அதை ஊறவச்சு ஊசியால குத்தல, டிகிரி முடிச்ச நான்தான் குத்தினேன். ஊருக்கே போகாதீங்கன்னு நான் சொல்லவும் இல்ல.

கல், காஞ்ச இலை, புளியங்கொட்டை, பனங்கொட்டை எல்லாம் வைங்க (கைக்குழந்தை இருந்தா புளியங்கொட்டையும் வேண்டாம், தொண்டையில சிக்கும்). குண்டுமணி, அரளி விதை, ஊமத்தங்காய் மூணும் வாசப்படி தாண்டக் கூடாது. தூக்கணாங்குருவிக் கூடு காலியாத்தானே தொங்குதுன்னு பிச்சுட்டும் வராதீங்க, சில்லைக் குருவி அதுல வந்து குடியிருக்கும்.

அந்தப் பிள்ளையாரை இன்னும் கரைக்கல. கண்ணை மட்டும் எடுத்துட்டு மிளகு வச்சிருக்கோம். சாமி தூங்கி வழியறாருன்னு பொண்ணு இன்னும் கோவமாத்தான் இருக்கா.