பிசினஸும் ஐடியும் சேர்ந்த பட்டப்படிப்பு: எடுக்கலாமா, எதைப் பார்த்து எடுப்பது?

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் பிடிக்கும், ஆனால் ராத்திரி பகலாக கோடிங் எழுதிக்கொண்டே இருக்கும் ஆள் இல்லை. ஒரு நிறுவனம் எப்படி ஓடுகிறது, பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்ப்பதிலும் அதே அளவு ஆர்வம். வணிக மேலாண்மையும் தகவல் தொழில்நுட்பமும் சேர்ந்த பட்டப்படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஒன்றில் அதை மேலாண்மைத் துறை நடத்துகிறது, மற்றதில் கணினித் துறை. வீட்டில் சிலர் "கம்ப்யூட்டர் சயின்ஸே எடு" என்கிறார்கள், சிலர் "மேனேஜ்மென்ட் மட்டும் போதும்" என்கிறார்கள். "ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமோ? கணிதத்திலும் நான் சுமார்தான்" என்பது அவருடைய பயம்.

எடுக்கலாம். உங்களைப் போல இரண்டிலும் மனசு போகிறவர்களுக்காகவே இருக்கிற படிப்பு இது. ஆனால் அந்தப் பயத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஏனென்றால் மேலாண்மைப் பாடம் பாதி, கணினிப் பாடம் பாதி என்று பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவைத்து, இரண்டும் எங்கேயும் சந்திக்காமலேயே பட்டம் கொடுத்து அனுப்பிவிடும் படிப்புகள் நிறைய இருக்கின்றன, அவற்றில் சேர்ந்தால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும். எனவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த இரண்டு பாதியும் சந்திக்கிற இடம் பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்பதுதான்.

பெயரைப் பார்த்து முடிவெடுக்கவே முடியாது. பிசினஸ் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி, மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், பிசினஸ் இன்ஃபர்மேட்டிக்ஸ், வெறுமனே இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு இடத்தில் இரண்டு விதமான படிப்பு இருக்கும், வேறு வேறு பெயரில் ஒரே படிப்பும் இருக்கும். இது புதிதாக முளைத்த துறையும் இல்லை. எம்ஐஎஸ் க்வாட்டர்லி என்கிற ஆய்விதழ் 1977 முதல் வந்துகொண்டிருக்கிறது. கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம், தகவல் அமைப்புகள் துறைப் பேராசிரியர்களின் சங்கமான ஏஐஎஸ் என்ற இரண்டு சர்வதேச அமைப்புகளும் சேர்ந்து, இளநிலைப் பட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஐஎஸ் 2010, பிறகு ஐஎஸ் 2020 என்ற வழிகாட்டிகளை வெளியிட்டிருக்கின்றன. அதனால் "இது ஒரு ஒப்புக்குச் சப்பாணிப் படிப்பு" என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம்.

இந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் நிறுவனத்தைச் சொல்வார்கள். 1990களின் கடைசியில் அவர்கள் பழைய மென்பொருள்களை எல்லாம் எடுத்துவிட்டு, எஸ்ஏபி உள்ளிட்ட மூன்று பெரிய மென்பொருள்களை ஒன்றாகச் சேர்த்துப் போட்டார்கள். 48 மாதம் ஆகும் என்று கணித்த வேலையை, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் பழைய மென்பொருள்கள் தேதியில் குழம்பிவிடும் என்ற பயத்தில், அதற்குள் முடித்தாக வேண்டும் என்று 30 மாதத்தில் அடக்கினார்கள். அப்படியும் கொஞ்சம் இழுத்து, 1999 ஜூலையில், அதாவது அக்டோபர் கடைசியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் ஹாலோவீன் பண்டிகைக்கு ஆர்டர் குவிகிற நேரத்தில், எல்லாவற்றையும் ஒரே அடியாக ஓட விட்டார்கள். கையில் சரக்கு இருந்தும் ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. அந்த மென்பொருள்கள் வேறு இடங்களில் நன்றாக ஓடியவைதான். எந்த மாதத்தில் மாற்ற வேண்டும், எதை முதலில் மாற்ற வேண்டும், கிடங்கில் வேலை செய்கிறவர் புதிய முறைக்குப் பழக எவ்வளவு நாள் வேண்டும் என்பதெல்லாம் கோடிங் கேள்விகளும் இல்லை, எம்பிஏ புத்தகத்தில் மட்டும் பதில் இருக்கிற கேள்விகளும் இல்லை. நீங்கள் படிக்க நினைப்பது இதைத்தான்.

நல்லபடி முடிந்த கதையும் ஒன்று உண்டு. டான் பிரிக்ளின் எம்ஐடியில் கணினி படித்து, மென்பொருள் வேலையும் பார்த்துவிட்டு ஹார்வர்டில் எம்பிஏ சேர்ந்தவர். கரும்பலகையில் ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து அழித்துத் திரும்ப எழுத வேண்டியிருப்பதை வகுப்பில் பார்த்தார். 1979இல் பாப் ஃப்ராங்க்ஸ்டனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட விசிகால்க்தான் இன்றைய எக்செலுக்கெல்லாம் மூதாதை. அந்தக் கரும்பலகைச் சிரமம் எம்பிஏ படித்த அத்தனை பேருக்கும் தெரியும், கணினிக்காரர்களுக்கோ அப்படி ஒரு சிரமம் இருப்பதே தெரிய வாய்ப்பில்லை.

சரி, பாடத்திட்டத்தை எப்படிப் படிப்பது? இரண்டு பல்கலைக்கழகத் தளத்திலும் பருவவாரியாக எல்லாப் பாடங்களும் இருக்கும், விளம்பரப் பக்கத்தை விட்டுவிட்டு அதை இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் தேட வேண்டியது சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் அண்ட் டிசைன், அல்லது அதைப் போன்ற ஒரு பாடம். ஒரு நிறுவனத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று போய்க் கேட்டு, படமாக வரைந்து, எதைக் கணினிக்குக் கொடுக்கலாம் எதைக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்வதைக் கற்றுத்தரும் பாடம் அது. அது இல்லையென்றால், அல்லது கடைசிப் பருவத்தில் விருப்பப் பாடமாக ஒளிந்திருந்தால், அந்தப் படிப்பைச் சந்தேகத்தோடு பாருங்கள். அடுத்தது டேட்டாபேஸ், அதுவும் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் தகவலைக் கேட்டு வாங்கும் மொழி) எழுதிப் பழகும் ஆய்வகத்தோடு. புரோகிராமிங் குறைந்தது இரண்டு பருவமாவது கட்டாயமாக இருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் அறிமுகம்", "ஆஃபீஸ் ஆட்டோமேஷன்" என்று வேர்டும் பவர்பாயிண்டும் சொல்லித்தருவதை ஐடி பாடம் என்று எண்ணிக்கையில் சேர்த்திருந்தால் அதை நீங்கள் சேர்க்காதீர்கள்.

மேலாண்மைப் பக்கத்தில் தலைமைப் பண்பு, தொடர்புத் திறன் போன்ற பாடங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். கணக்கியல் இருக்கிறதா? நிதிக் கணக்கியல் ஒன்று, செலவுக் கணக்கியல் ஒன்று, இரண்டும் இருந்தால் ரொம்ப நல்லது. ஐடி பக்கம் ஆசைப்பட்டு வருகிற மாணவர்கள் முதலில் வெறுப்பதும் வேலைக்குப் போனபிறகு அதிகம் தேடுவதும் இந்தக் கணக்கியலைத்தான், ஏனென்றால் ஒரு நிறுவனத்தில் ஓடும் எந்த மென்பொருளாக இருந்தாலும் அதில் நடக்கும் முக்கால்வாசி விஷயங்கள் கடைசியில் ஒரு பற்று வரவுப் பதிவாகத்தான் போய் உட்காரும்.

இதில் நான் கூடுதல் மதிப்பெண் போடுவது கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு. உண்மையான ஒரு நிறுவனத்தில் போய்ச் செய்ய வேண்டுமா, அல்லது முந்தைய ஆண்டு மாணவர்களின் அறிக்கையைப் பெயர் மாற்றிக் கொடுத்தால் போதுமா என்பதை அங்கே படிக்கிறவர்களிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய கேள்வித்தாள்களும் கிடைத்தால் பாருங்கள். "விளக்குக", "வரையறு" என்று மட்டும் இருந்தால் ஒரு மாதிரி, ஒரு சூழ்நிலையைக் கொடுத்து "இதற்கு அட்டவணைகளை வடிவமை" என்று இருந்தால் வேறு மாதிரி.

கணிதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தப் படிப்பில் பெரும்பாலும் தேவைப்படுவது புள்ளியியலும் கொஞ்சம் தர்க்கமும்தான். நுண்கணிதம் வந்தாலும் ஒரு பாடத்தோடு போய்விடும். ஆனால் புள்ளியியலில் நழுவப் பார்க்காதீர்கள், தரவு சம்பந்தமான எந்த வேலைக்கும் அது இல்லாமல் முடியாது. சுமாரான கணிதத்தோடு, தினமும் கொஞ்சம் போட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் தாராளமாகச் சமாளிக்கலாம்.

வேலைக்கு வருவோம். பிசினஸ் அனலிஸ்ட், டேட்டா அனலிஸ்ட் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத இரண்டு வேலைகளைச் சொல்கிறேன். ஒன்று, ஈஆர்பி ஃபங்க்ஷனல் கன்சல்டன்ட். எஸ்ஏபி, ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் போன்ற, கொள்முதல், கிடங்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் பெரிய மென்பொருள்களை (இவைதான் ஈஆர்பி) ஒரு நிறுவனத்தின் வேலைமுறைக்குத் தக்கபடி அமைத்துக்கொடுப்பவர். உதாரணமாக, சப்ளையருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் நாம் கொடுத்த ஆர்டர், கிடங்குக்கு வந்து சேர்ந்த சரக்கு, அவர்கள் அனுப்பிய பில் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். 100 பெட்டி கேட்டு 96தான் வந்திருக்கிறது, பில்லோ 100க்கு வந்திருக்கிறது என்றால் மென்பொருள் என்ன செய்ய வேண்டும்? நிறுத்திவைக்க வேண்டுமா, 96க்கு மட்டும் பணம் போக வேண்டுமா, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? கொள்முதலும் தெரிந்து மென்பொருளும் தெரிந்தவர்தான் இதை முடிவு செய்து உள்ளே அமைக்க முடியும்.

இன்னொன்று ஐடி ஆடிட். புதிய சப்ளையரின் பெயரைப் பதிவு செய்கிறவரே அவருக்குப் பணம் அனுப்ப ஒப்புதலும் கொடுக்க முடிகிற மாதிரி மென்பொருளில் அனுமதிகள் இருந்தால், இல்லாத சப்ளையரை உண்டாக்கிப் பணத்தை எடுத்துவிடலாம். இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தேடுவதே தொழில். பிரிட்டனில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் தப்புத் தப்பாகக் காட்டிய பற்றாக்குறையை நம்பி, தபால் நிலையம் நடத்தியவர்கள் 900 பேருக்கும் மேல் திருட்டு, மோசடி என்று குற்றவாளியாக்கப்பட்டார்கள். 1999இல் தொடங்கி 2015 வரை நடந்தது இது. சிலர் சிறைக்கே போனார்கள். மென்பொருள் சொல்லும் கணக்கை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்தவர்களின் குரல் அங்கே காலத்தோடு ஓங்கி ஒலித்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்! அதனால்தான் இந்த வேலையை நான் மதிக்கிறேன். இதற்கான சிஐஎஸ்ஏ சான்றிதழுக்குத் தேர்வோடு ஐந்து ஆண்டு அனுபவமும் கேட்பார்கள், பட்டம் இருந்தால் அதில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். இப்போதைக்கு அது உங்களுக்குத் தூரம், இருப்பது தெரிந்தால் போதும். "படித்து முடித்ததும் புராஜெக்ட் மேனேஜர்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள், அந்த நாற்காலிக்கு நாலு வருடமாவது களத்தில் இருந்துவிட்டு வர வேண்டும்.

இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும் என்று நேர்முகத்துக்குப் போனால், இரண்டும் நன்றாகத் தெரிந்த யாரோ ஒருவரோடு உங்களை ஒப்பிட மாட்டார்கள். ஐடி கேள்விக்கு ஐடிக்காரரோடும் கணக்கியல் கேள்விக்கு வணிகவியல்காரரோடும் ஒப்பிடுவார்கள், இரண்டிலும் நீங்கள் பின்தங்கித் தெரிவீர்கள். ஒன்றில் ஆழமாகப் போய்விட்டு, மற்றதில் அந்தத் துறை ஆட்களோடு சரளமாகப் பேசுகிற அளவு இருந்தால் நிலைமையே வேறு.

சேருவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள், இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்று அதிலேயே தெரியும். தெரிந்தவர் யாராவது நடத்தும் சிறு தொழிலில், ஒரு விற்பனை தொடங்கியது முதல் பணம் கைக்கு வரும்வரை என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள். பிறகு அதற்கு அட்டவணைகள் போடுங்கள்: பொருள், வாடிக்கையாளர், பில், பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பதிவு. எல்லோரும் முதலில் விலையைப் பொருள் அட்டவணையில் மட்டும் வைப்பார்கள். அடுத்த மாதம் விலை ஏறியதும் அங்கே மாற்றினால் போன மாதத்து பில்களின் தொகையும் சேர்ந்து மாறிவிடும்! விற்ற அன்றைய விலையை பில்லில் அந்தப் பொருளுக்கான பதிவிலும் எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைக்கும். வாங்கியதில் பாதியை மட்டும் திருப்பிக் கொடுத்தால்? கடனுக்கு வாங்கினால்? இந்தக் கேள்விகள் உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் தயங்காமல் சேருங்கள். சலிப்பாக இருந்தால் அதையும் மதியுங்கள்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் உள்ளே எப்படி வேலை செய்கிறது, ஒரு மொழியை இயந்திரம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதில்தான் ஆர்வம் என்றால் வீட்டில் சொல்கிறபடி கம்ப்யூட்டர் சயின்ஸே எடுங்கள், ஒன்றிரண்டு மேலாண்மைப் பாடங்களை விருப்பமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்றும் கவனியுங்கள்: இந்தச் சேர்ந்த பட்டத்தை முடித்துவிட்டு முதுநிலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் போக நினைத்தால், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் படிக்கவில்லை என்று பல இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேலாண்மை முதுநிலைக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. பின்னால் அப்படி ஒரு எண்ணம் வரலாம் என்று தோன்றினால், அந்த இரண்டு பாடங்களும் இருக்கிற இடமாகப் பாருங்கள்.

கடைசியாக, மேலாண்மைத் துறையா கணினித் துறையா? மேலே சொன்ன பாடங்கள் இரண்டு இடத்திலும் கட்டாயமாக இருந்தால், எங்கே புராஜெக்டும் பயிற்சிக் காலமும் உருப்படியாக நடக்கிறதோ அங்கே போங்கள். ஒரு இடத்தில் டேட்டாபேஸும் புரோகிராமிங்கும் கட்டாயம், இன்னொரு இடத்தில் விருப்பம் என்றால் யோசிக்காமல் கட்டாயமாக உள்ள இடத்தை எடுங்கள். கணிதம் சுமார் என்கிற பயம் இருக்கிறவர், விருப்பம் என்று விட்டால் கடினமானதை ஒவ்வொரு பருவமும் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார், மூன்றாம் ஆண்டில் திரும்பிப் பார்த்தால் ஐடி பாதி காலியாக இருக்கும். கணக்கியலும் அப்படித்தான், கணினித் துறை நடத்தும் படிப்பில் அது விடுபட்டிருந்தால் வேறு துறையில் போய்ப் படிக்க அனுமதி உண்டா என்று சேரும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பாடத்திட்டத்தையும் அனுப்பிவைத்தால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.