குடியா, மறதியா?

கேள்வி: எங்கள் தாத்தாவுக்கு வயது 90. அந்தக்கால ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவொர்த் என்றால் இன்றும் முகம் மலர்ந்துவிடும். ஆனால் 'கடைசியில் குடித்தே அழிஞ்சா' என்கிறார். உண்மையா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாத்தா மேல் தப்பில்லை, அப்போது ஊரே அப்படித்தான் பேசியது. 1976-ல் லண்டன் விமான நிலையத்தில் தலை கலைந்து, மிரள மிரள விழித்தபடி இறங்கியவரைப் படம் பிடித்துப் போட்டு, போதை என்று முடிவும் கட்டிவிட்டார்கள். குடிப்பழக்கம் இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் 1971-ல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை வாய்ப்பு வந்து, வசனம் மனதில் நிற்காமல் கைநழுவிப் போனதே, அடுத்த ஆண்டு வந்த கடைசிப் படத்தில் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்துத்தானே நடிக்க வைத்தார்கள், அதெல்லாம் வெறும் குடியா? 1980-ல்தான் அல்சைமர் என்னும் மறதி நோய் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். ஐம்பதைத் தாண்டியதுமே மறதி ஆரம்பித்துவிட்ட ஒரு பெண்மணியைப் பத்து வருஷம் குடிகாரி என்றே திட்டித் தீர்த்திருக்கிறோம்! மகள் யாஸ்மின்தான் கூட வைத்துப் பார்த்துக்கொண்டார். 1987-ல் இறக்கும்போது வயது 68.

கேள்வி: அணுகுண்டில் அவர் படத்தை ஒட்டினார்களாமே?
- அதே வாசகி

பதில்: ஒட்டினார்கள். 1946 ஜூலை, பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனை. அந்த வருஷம்தான் அவர் கில்டாவாக நடித்த 'கில்டா' படம் வந்து சக்கைப்போடு போட்டது, குண்டுக்கும் கில்டா என்றே பெயர். பெருமைப்படுவார் என்று நினைத்தார்களோ என்னவோ, அவருக்கோ கோபம் தலைக்கேறியது. அப்போதைய கணவர் ஆர்சன் வெல்ஸ் பின்னாளில் சொன்னது இது. பத்திரிகையாளர்களைக் கூட்டிக் கண்டிக்கக் கிளம்பியவரை, தேசபக்திக்கு விரோதமாகிவிடும் என்று சொல்லித் தடுத்தவர் ஸ்டுடியோ முதலாளி ஹாரி கோன்.

தன்னைக் கேட்காமலே தன்னை வைத்து எதையாவது செய்வது அவருக்குப் புதிதும் இல்லை. சொந்தப் பெயர் மார்கரீட்டா கான்சினோ. 12 வயதிலேயே அப்பா தன் நடன ஜோடியாக்கி, மெக்சிகோ எல்லைக் கிளப்புகளில் ஆட வைத்தார். அப்புறம் சினிமாக்காரர்கள் பெயரை மாற்றி, கறுப்பு முடியைச் சிவப்பாக்கி, நெற்றி சின்னது என்று மின்சாரம் பாய்ச்சி முன்முடியை வேரோடு எடுத்தார்கள். ஐந்து கல்யாணம், ஐந்தும் விவாகரத்து. வருகிறவர்கள் கில்டாவைத் தேடி வருகிறார்கள், விடிந்ததும் என்னைப் பார்த்து ஏமாறுகிறார்கள் என்ற அர்த்தத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

கில்டா படத்தில் அவருக்குக் குரல் கொடுத்துப் பாடியதும் வேறொரு பெண், அனிட்டா எல்லிஸ். இதை மட்டும் தாத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள்.