வலி இல்லாத சர்க்கரைப் புண்ணுக்கு மாத்திரை மட்டும் போதுமா?

"அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். வலி இல்லை என்கிறார். மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்தால் ஆறிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதை மட்டும் நம்பாதீர்கள். 'வலி இல்லை' என்ற வார்த்தைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சர்க்கரையால் நரம்பு கெட்டுப் பாதம் மரத்துப்போனால் வலி தெரியாது. என் அப்பாவும் அதையேதான் சொன்னார். செருப்பு கடித்து வந்த கொப்புளம். ஐந்து நாள் மாத்திரை வாங்கி விழுங்கினார், மேலே களிம்பு தடவினார், வழக்கம்போலக் கடைக்கு நடந்து போய் வந்தார். மூன்றாவது வாரம் கட்டைப் பிரித்தால் நாற்றம். விரல் முழுக்க வீங்கிச் சிவந்திருந்தது. அப்போதும் வலி இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் மருந்து எழுதவே இல்லை. பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். ரத்தம் போகாத காலில் எந்த மருந்தும் வேலை செய்யாது என்றார். பிறகு புண்ணைச் சுற்றிக் காய்த்திருந்த தோலைச் சீவி எடுத்தார். மேலே மிளகளவு தெரிந்த புண், உள்ளே கட்டைவிரல் நுழையும் அளவு குழியாக இருந்தது. மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றை அதில் விட்டார். 'டக்' என்று கெட்டியாக எதிலோ இடித்தது. எலும்பு. அப்பா என்னைப் பார்த்து, "டாக்டர் இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.

கம்பி எலும்பில் தட்டினால் தொற்று எலும்புக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகமாம். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம் என்பதால் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குப் புண்ணின் மேலே பஞ்சால் துடைத்து அனுப்பவில்லை. சுத்தம் செய்தபின் அடியிலிருந்து சதையைக் கிள்ளி எடுத்தார்கள். மேலே ஒட்டியிருக்கும் கிருமி வேறு, உள்ளே அரிப்பது வேறாக இருக்கலாம். அப்பாவுக்கு 6 வாரம் மருந்து. சதையோடு நின்றிருந்தால் பெரும்பாலும் 1 முதல் 2 வாரம் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள், எல்லாப் புண்ணும் தொற்று இல்லை. சிவப்பு, சூடு, வீக்கம், வலி, சீழ் இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் தொற்று என்கிறார்கள். இல்லையென்றால் ஆன்டிபயாட்டிக்கே தேவையில்லை. சிவப்பு புண்ணைச் சுற்றி 2 செ.மீ.க்குள் நின்றால் லேசானது. அதைத் தாண்டினாலோ ஆழமாகப் போனாலோ விஷயம் பெரிது. (புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாக வீங்கினாலும் காட்டுங்கள். உள்ளே எலும்பு நொறுங்கும் சார்க்கோ பாதமாக இருக்கலாம்.)

மாத்திரையைவிடக் கஷ்டமாக இருந்தது நடக்காமல் இருப்பதுதான். வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் கண்டது இது: மரத்த பாதம் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாமல் அதே இடத்தை மிதித்து மிதித்துத்தான் புண்ணாகிறது. அவர் போட்ட மாவுக்கட்டு முறை பிறகு சர்க்கரைக்காரர்களின் காலுக்கும் வந்தது. தொற்று அடங்கியதும் அப்பாவுக்கும் அப்படி ஒரு கட்டுப் போட்டார்கள். புண் மூட நாலு மாதம் ஆனது. நடுவில் எத்தனை சண்டை! "பாத்ரூமுக்குத்தானே போனேன்" என்பார். அந்தப் பத்தடியும் கணக்குதான்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். நாளைக்கே சர்க்கரை நோய்ப் பாத சிகிச்சை உள்ள இடத்துக்கோ அறுவை சிகிச்சை டாக்டரிடமோ கூட்டிப் போங்கள். நாடி பார்க்கச் சொல்லுங்கள், ஆழம் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை காலை ஊன்ற விடாதீர்கள். வெந்நீரில் ஊறவைப்பது, பிளேடால் சீவுவது எதுவும் வேண்டாம். விரல் கறுத்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, சர்க்கரை காரணமில்லாமல் எகிறினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். காய்ச்சல் இல்லையே என்றும் இருந்துவிடாதீர்கள். அப்பாவுக்குக் கடைசிவரை காய்ச்சலே வரவில்லை.