மோட்டார் சைக்கிள் வருமான அனுமதிப்பத்திரம் மாநகர சபையில் எடுக்க ஏலாது

மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக யாழ் மாநகர சபைக்குப் போனபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அதை யாழ் மாநகர சபை தராது, பிரதேச செயலகத்துக்குப் போங்கள். சபையின் பொறுப்பு உள்ளூர் வீதி, வடிகால், வாகனத் தரிப்பிடம் போன்றவைதான். வருமான அனுமதிப்பத்திரம் மாகாணத்தின் விசயம், அதனால்தான் உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். (வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?)

இணையத்தில் விண்ணப்பம் போட்டும் ஏற்கவில்லை என்கிறீர்கள். அநேகமாகக் காப்புறுதியோ புகைப் பரிசோதனையோ காலாவதியாகியிருக்கும். இரண்டு பத்திரத்தையும் எடுத்துத் திகதியைப் பாருங்கள், அப்புறம் வாகன இலக்கமும் செசி (வாகனச் சட்டகம்) இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒரு எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். எல்லாம் சரியென்றால் பழைய அனுமதிப்பத்திரத்தையும் சேர்த்துப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டு போங்கள்.

தவணை முடிந்திருந்தால் தண்டப்பணமும் சேரும், கையில் கொஞ்சம் கூடுதலாகக் காசு இருக்கட்டும்.