வண்டிக்கு முன்னால் சேதி

கேள்வி: மிஸ், என் மாமிக்கு விடியக்காலையில் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. 1990 அம்பியூலன்சுக்குக் கோல் எடுத்தோம். வந்த தம்பிமார் பிரஷர், சீனி எல்லாம் பார்த்து எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் இறக்கியதும் எல்லாவற்றையும் முதலில் இருந்து கேட்டார்கள். வழியிலேயே அனுப்பிவிட முடியாதா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: முடியும் தங்கச்சி. 1905இலேயே நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் என்பவர், ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளியின் ஈசிஜியை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வுகூடத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகப் பதிந்தார். இன்றைக்கு ஈசிஜி தாளைப் படமெடுத்து அனுப்பக் கைபேசி போதும். மாரடைப்பென்றால் வண்டி வருமுன்னே வைத்தியர் அதைப் பார்த்து மருந்தை எடுத்துவைக்கச் சொல்லலாம்.

உங்கள் மாமிக்கு வந்தது பாரிசவாதம். அதில் பிரஷரை விடவும் முதலில் தெரிய வேண்டியது, அவரைக் கடைசியாக நல்லபடி பார்த்தது எத்தனை மணிக்கு என்பது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக அதிலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தக்கசிவு இல்லையென்று பார்க்க வேண்டும். சேதி முந்தி வந்தால் ஸ்கேன் உள்ள இடத்துக்கே நேராக அனுப்பலாம். நம் பாதைகளில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதிலேயே எவ்வளவு நேரம் கரைகிறது!

நான் தாதியாக இருந்தபோது ஓர் இரவு பதினொரு மணிக்குத் தோட்டத்து ஐயா ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பேச்சில்லை. தாளில் பிரஷர், நாடி, ஒட்சிசன் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நேரம் மட்டும் இல்லை. மகள் அந்த ராத்திரியில் ஆட்டோ தேடிப்பிடித்து வந்து, "எட்டு மணிக்கு ரொட்டி சாப்பிட்டு நல்லாத்தானே இருந்தாரு" என்று சொன்னபோது மணி பன்னிரண்டே முக்கால். அந்த மகளின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நம் பக்கம் ஒரு வளைவில் இருக்கும் சிக்னல் அடுத்த வளைவில் இருக்காது. அதனால் வண்டியிலுள்ள கருவி விவரத்தைப் பிடித்துவைத்து, சிக்னல் கிடைத்ததும் தானே அனுப்ப வேண்டும். கிடைக்கிற இடத்தில் வாயாலும் சொல்ல வேண்டும்: வயது, நேரம், நடந்தது, கண்டது, அளவுகள், கொடுத்த சிகிச்சை. இந்த வரிசை மாறவே கூடாது. சிங்களத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும், அடுத்து என்ன வருமென்று கேட்பவருக்குத் தெரியும். அவசரப் பிரிவில் அம்பியூலன்சுக்கென்றே ஒரு தொலைபேசியும், அதை எடுக்க ஒவ்வொரு வேலைமுறைக்கும் பெயர் குறித்த ஒருவரும் இருக்க வேண்டும். விலைகூடிய கருவியை விட நான் கேட்பது அந்த ஒருவரைத்தான்.

நீங்கள் இன்றே மாமியின் கிளினிக் கொப்பி அட்டையில் உங்கள் கைபேசி இலக்கத்தை எழுதுங்கள். இனி வண்டி வந்தால், கடைசியாக நல்லபடி பார்த்த நேரத்தையும் அதில் குறித்து அந்தத் தம்பி கையில் கொடுங்கள். மாத்திரைப் பெயர்களும் அதிலேயே இருக்கும்.

மாமிக்குக் கை அசைகிறதா? எழுதுங்கள்.